முடிவைப் பார்த்து அழுதவர்கள்

இலக்கியத்துக்காக மனிதகுலம் செய்த தியாகங்களை யாராவது ஒருநாள் வரிசைப்படுத்தினால், சிறைக்குப் போனவர்கள், பட்டினி கிடந்தவர்கள், கண்பார்வையைத் தொலைத்தவர்கள் எல்லோருக்கும் முன்னால், முதல் வரிசையில், மெத்தை போட்ட நாற்காலியில், மொந்தேவிதேயோ நகரத்துக் 'கடைசிப் பக்கம்' வாசகர் வட்டத்தைத்தான் உட்கார வைக்க வேண்டும். மற்றவர்கள் இலக்கியத்துக்காக உயிரைத்தான் கொடுத்தார்கள். இவர்கள் வியாழக்கிழமைச் சாயங்காலங்களைக் கொடுத்தார்கள். அதுவும் தொலைக்காட்சியில் கால்பந்து ஓடுகிற வியாழக்கிழமைகளை.

வட்டம் கூடுவது பொசீத்தோஸ் பகுதியில், கடலைப் பார்த்த ஏழாவது மாடியில், தோஞா பெர்லா எச்செகோயென் வீட்டில். தோஞா என்பது 'அம்மையார்' மாதிரி ஒரு மரியாதைச் சொல்; தோஞா பெர்லா ஓய்வுபெற்ற நோட்டரி. ஊரார் விற்ற வீடுகளுக்கும், எழுதிய உயில்களுக்கும், முறித்துக்கொண்ட கூட்டு வியாபாரங்களுக்கும் முத்திரை குத்தியே பழகிய கை அது. ஒரு விஷயம் நடந்ததா இல்லையா என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. நடந்ததாகக் கையெழுத்து ஆகியிருக்கிறதா, அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு கூட்டமும் முடியும்போது, 'மேற்படி நாவலை நாங்கள் முழுமையாக வாசித்து, ஆழமாக விவாதித்தோம்' என்று ஒரு தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அதன்மேல் தோஞா பெர்லா பழைய முத்திரையை ஊதி ஊதிக் குத்துவார். அதற்கப்புறம் அந்த நாவலை யாரும் வாசிக்கவில்லை என்று சொல்ல நீதிமன்றத்தாலும் முடியாது.

பேச்சுக்கும் ஒழுங்கு உண்டு. சுரைக்குடுவையில் தேயிலை மாதிரியான மாத்தே இலையைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, தோஞா பெர்லா ஒவ்வொருவராகக் கொடுப்பார். குடுவை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். அதில் செருகிய உறிஞ்சுகுழலில் கடைசிச் சொட்டை உறிஞ்சிச் சத்தம் வந்தால் பேச்சு முடிந்தது, குடுவையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் கொடுக்கும்போது வாய் தவறிக்கூட 'நன்றி' என்று சொல்லக் கூடாது. அந்த ஊரில் மாத்தேக்கு நன்றி சொன்னால், 'எனக்குப் போதும், இனிமேல் என்னைச் சேர்க்காதீர்கள்' என்று அர்த்தம். அப்புறம் குடுவை அந்த ஆளைத் தாண்டிப் போய்விடும், திரும்பியே பார்க்காது.

உறுப்பினர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாஷிங்டன் பெந்தான்கோர், வங்கி மேலாளராக இருந்தவர். உலகத்தில் எந்த நாவலை எடுத்தாலும் அது வட்டிவிகிதத்தைப் பற்றியது என்று நிரூபித்துவிடுவார். சில்வானா, மன ஆய்வாளர். எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டால் அவருடைய அம்மாவைப் பற்றி விசாரிப்பார். ஒலிவேரா சகோதரிகள் இரண்டு பேர். இருவருக்கும் சேர்த்து ஒரே கருத்துதான், அதுவும் அவர்களுக்கு முன்னால் பேசியவருடைய கருத்து. கடைசியாக சுல்மா. அந்த வட்டத்தின் ஒரே களங்கம்.

சுல்மாவுக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. வட்டத்தில் அத்தனை பேருக்கும் வாசிப்புக் கண்ணாடி செய்து கொடுத்தது அவர்தான். வருடங்கள் போயும் அந்தக் கண்ணாடிகளில் ஒரு கீறல்கூட விழவில்லை. தொழில் தெரிந்தவர் அதை வைத்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சுல்மா, 'நம்ம சரக்கு நல்ல சரக்கு' என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

அவர் வட்டத்தில் சேர்ந்த காரணமும் களங்கமான காரணம்தான். ஒரு நாவலின் முடிவு அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சுல்மாவின் கணவர் நெல்சன் வெளியூர் பஸ் ஓட்டியவர். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று சுல்மா ஒரு நாவலை வாசித்துக் காட்டினார். பெயர் 'இரண்டாம் ஓட்டுநர்'. எழுதியவர் இர்மா தெச்சேரா என்று தக்குவாரெம்போ பக்கத்துப் பெண். அர்த்திகாஸ் ஊரிலிருந்து தலைநகரம் மொந்தேவிதேயோவுக்கு வருகிற பஸ், அதில் தெயோலிந்தோ என்கிற டிரைவர், கல்யாண வீட்டுக்காக டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார வைக்கப்பட்ட ஒரு பன்றிக்குட்டி. பன்றிக்குட்டிக்கு முதியோர் சலுகை உண்டா என்று கண்டக்டர் விதிப்புத்தகத்தைப் புரட்டுகிற இடத்தில் நெல்சன் கட்டில் ஆடச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர் 'மறுபடி வாசிங்கம்மா' என்றார். நர்ஸ் வந்து அதட்டிவிட்டு, வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. ஆற்றில் வெள்ளம். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது. அக்கரையில், துராஸ்னோ ஊர் பஸ் நிலைய டிக்கெட் கவுண்ட்டரில் வேலை பார்க்கிற அமாந்தா இவனுக்காகக் காத்திருக்கிறாள். இக்கரையில் தெயோலிந்தோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"தாண்ட மாட்டான்," என்றார் நெல்சன். "நானா இருந்தா தாண்ட மாட்டேன். பின்னால நாப்பது உசுரு இருக்கு."

"தாண்டுவான். அக்கரையில அவ நிக்கிறா."

"பந்தயமா?"

"பந்தயம்."

"சரி, களைப்பா இருக்கு. நாளைக்கு வாசி. நான் ஜெயிக்கிறதை நிதானமா பாக்கணும்."

அந்த நாளை வரவில்லை. விடியற்காலையில் நெல்சன் போய்விட்டார். அடையாளத்துக்கு வைத்த மருந்துச்சீட்டோடு புத்தகம் அலமாரிக்குப் போனது. சுல்மாவால் அதைத் தனியாகத் திறக்க முடியவில்லை. தோற்றால் யாரிடம் ஒத்துக்கொள்வது? ஜெயித்தால் யாரிடம் பீற்றிக்கொள்வது? நாலு பேர் கூடி நாவல் பேசுகிற இடம் என்று கேள்விப்பட்டதும் வந்து சேர்ந்தார். எல்லோரும் வாசிப்பார்கள், எல்லோரும் சண்டை போடுவார்கள், அந்தச் சத்தத்தில் முடிவு தெரிந்துபோகும், மனசும் தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தார். பேதை.

நாவல் தேர்வு செய்யும் முறை வருமாறு: ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் முன்மொழியும் உரிமை வரும். சுல்மாவின் முறை இரண்டு ஆண்டுகள் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' தள்ளிப்போய், ஒருவழியாக வந்தது. அன்றைக்கு எதிரில் பலத்த போட்டி. முற்றுப்புள்ளியே இல்லாத எண்ணூறு பக்க நாவல் ஒன்றைச் சில்வானா மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தார். ஒரு குளிர்சாதனப் பெட்டியே கதை சொல்கிற நாவலை வாஷிங்டன் கொண்டுவந்திருந்தார். "பெட்டிக்குள்ள விளக்கு எரியுதா இல்லையாங்கிறதுதான் மையக் கேள்வி. பணவீக்கத்தைப் பத்தி இதைவிடத் துல்லியமா யாரும் சொன்னதில்ல," என்றார்.

தோஞா பெர்லா சுல்மாவின் பக்கம் திரும்பினார். "உன்னோடது எதைப் பத்தினது?"

"ஒரு பஸ்ஸைப் பத்தினதும்மா."

"பஸ் எதைக் குறிக்குது?" என்றார் சில்வானா.

"அர்த்திகாஸ்லேருந்து மொந்தேவிதேயோவுக்குப் போகுது."

"அது சரி. எதைக் குறிக்குது?"

"முன்னால போர்டுல அப்படித்தாங்க போட்டிருக்கு."

வாஷிங்டன் தொண்டையைச் செருமினார். "கதை இருக்கா?"

"இருக்குங்க ஐயா."

"நடுவுல எங்கேயாச்சுமா, முழுக்கவா?"

"ஆரம்பத்துலேருந்தே இருக்குங்க."

வாஷிங்டன் துக்க வீட்டுக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டினார். தோஞா பெர்லா குரலைத் தாழ்த்தி, டாக்டர் காய்ச்சலைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். "சிரிப்பு வருமா?"

"என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாருங்க."

"பாவம்," என்றார்கள் ஒலிவேரா சகோதரிகள்.

எல்லாம் கைவிட்டுப் போகிற நேரத்தில் சில்வானா தன் கைப்பேசியைப் பார்த்து, "அட!" என்றார். "இந்தப் புத்தகத்துக்கு விருது கொடுத்திருக்காங்க. வாசகர் வட்டங்களோட மாமன்றம் கொடுத்திருக்கு. 'ஆண்டின் சிறந்த முடிவு'."

அறை எழுந்து நிற்காத குறை. மாமன்றம் என்றால் சும்மாவா? நகரத்தின் மிகச்சிறந்த வட்டங்கள் கூடி வாக்களித்துக் கொடுக்கிற விருது. தோஞா பெர்லா கடைசியாக ஒரு இலக்கியக் கேள்வி கேட்டார். "எத்தனை பக்கம்?"

"நூத்தி எழுபது."

'இரண்டாம் ஓட்டுநர்' ஏகமனதாகத் தேர்வு செய்யப்பட்டது. எண்ணூறு பக்கக் குழந்தை மடியிலிருந்து இறங்கியபோது சில்வானாவின் முகத்தில் தெரிந்த நிம்மதியை இலக்கியத்தின்பால் கொண்ட பற்று என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வட்டத்துக்குப் புத்தகம் வருவது த்ரிஸ்தான் நர்வாஹா தெருவில் ஹெபெர் என்பவரின் கடையிலிருந்து. பேசி முடித்த புத்தகங்களை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த நாவலை எடுத்துக்கொள்கிற ஏற்பாடு. அவர் ஆறு பிரதிகள் அனுப்பினார். ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்புக் காகிதப் பட்டி, அதில் 'ஆண்டின் சிறந்த முடிவு' என்று தங்க எழுத்து. சுல்மாவும் ஒன்றை வாங்கிக்கொண்டார், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஒரே மாதிரிப் புத்தகம் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் மட்டும் பழையதை எடுத்து, ஆஸ்பத்திரிக் காப்பிக் கறை படிந்த அந்தப் பக்கங்களை முதலிலிருந்து மறுபடி வாசித்தார். மருந்துச்சீட்டு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்த மாதம் முழுக்க அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடற்கரைச் சாலையில் அக்குளில் பிளாஸ்கை இடுக்கிக்கொண்டு நடைபோன வாஷிங்டனைப் பிடித்து நிறுத்தினார்.

"ஐயா, எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"பிட்டிஸ் வளைவு வரைக்கும். அப்புறம் திரும்பிருவேன், முழங்கால் வலி."

"இல்லீங்க, நாவல்ல."

"ஓ, நாவலா! அது கனமான புத்தகம்மா. ஜீரணம் ஆகிட்டிருக்கு."

"பன்றிக்குட்டி வந்திருச்சா?"

வாஷிங்டன் சுற்றுமுற்றும் பார்த்தார். "எங்க?" என்றார்.

விவாத நாள் வந்தது. மேஜையில் பால்பாகு தடவிய பன்கள், ஆறு சிவப்புப் பட்டிகள், நடுவில் குடுவை. தோஞா பெர்லா எழுந்து நின்று தொடங்கினார்.

"நான் லேசுல அழறவ இல்ல. உயிலை வாசிச்சுக் காட்டறப்போ குடும்பமே உருண்டு புரண்டு அழும், நான் பேனாவை நீட்டிட்டு நிப்பேன். ஆனா இந்த நாவலோட முடிவு இருக்கே... அழுதுட்டேன். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சுல்மா நாற்காலி நுனிக்கு வந்தார். அழுதாராமே! அப்படியென்றால் தாண்டவில்லையா? தாண்டிச் செத்துப்போனானா?

குடுவை சில்வானாவிடம் போனது. "பஸ் என்பது தாய் வயிறு. பயணிகள் எல்லோரும் பிறக்க மறுக்கிறவங்க. டிரைவர் யாருன்னு கேட்டா..." ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "டிரைவரே இல்ல."

"அவன் பேரு தெயோலிந்தோங்க," என்றார் சுல்மா.

"குடுவை இல்லாம பேசக் கூடாது," என்றார் தோஞா பெர்லா.

குடுவை வாஷிங்டனிடம் போனது. "இதில் பஸ்தான் மத்திய வங்கி. பயணச்சீட்டு, கடன்பத்திரம். நிறுத்தம்னா என்ன? வளர்ச்சி நின்னுபோறது. இதை எந்த அரசாங்கமும் ஒத்துக்காது." குடுவை ஒலிவேரா சகோதரிகளிடம் போனது. "வளர்ச்சி நின்னுபோச்சு," என்றார் மூத்தவர். "நின்னே போச்சு," என்றார் இளையவர்.

கடைசியில் குடுவை சுல்மாவின் கைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் காத்திருந்த கை, அதை இறுகப் பிடித்துக்கொண்டது.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதாங்க. டிரைவர் பாலத்தைத் தாண்டினானா, இல்லையா?"

பன் மென்று கொண்டிருந்த வாய்கள் நின்றன. 

"ஒரு விதத்துல தாண்டிட்டான்," என்றார் வாஷிங்டன்.

"பாலம்தான் அவனைத் தாண்டுது," என்றார் சில்வானா.

"தாண்டுது," என்றார்கள் சகோதரிகள்.

"அதில்லீங்க. பஸ்ஸு இக்கரையில இருக்கா, அக்கரையில இருக்கா?"

தோஞா பெர்லாவுக்கு முகம் சிவந்தது. "என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கேக்கறதுக்கு இது என்ன விபத்துச் செய்தியா? நாவலும்மா! சரி, அதை விடு. நீதானே முன்மொழிஞ்ச? உனக்கே தெரியாதா? நீ வாசிக்கலியா?"

சுல்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. இதுவும் அவருடைய களங்கங்களில் ஒன்று. "கடைசி அத்தியாயம் மட்டும் வாசிக்கலீங்க," என்றார்.

அந்தக் கணத்தில் அந்த அறையில் எழுந்த அதிர்ச்சியை விவரிக்க வார்த்தைகள் இல்லை. ஒலிவேரா மூத்தவர் நெஞ்சில் கைவைத்தார். இளையவர் அக்காவின் நெஞ்சில் கைவைத்தார். வாஷிங்டன் கொள்ளையடிக்கப்பட்ட வங்கியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வாசிக்காமல் வாசகர் வட்டத்துக்கு வருவதா! அடுத்தவர் உழைப்பில் குளிர் காய்வதா!

சுல்மா எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரி, பந்தயம், நாளைக்கு என்று சொல்லிவிட்டு நெல்சன் போனது, தனியாகத் திறக்கக் கை வராதது. சொல்லும்போதே அழுகை வந்தது, மறைக்கவில்லை. "நீங்க யாராச்சும் சொல்லிட்டீங்கன்னா போதுங்க. அவர் ஜெயிச்சாரா நான் ஜெயிச்சேனான்னு தெரிஞ்சுக்கிட்டு நிம்மதியாப் போயிருவேன்."

வாஷிங்டன் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த அறையில் யாராவது ஒருவர் வாய்திறந்து உண்மையைச் சொல்லிவிடுவார் போல இருந்தது.

"அனுதாபம் வேற, விதி வேற," என்றார் தோஞா பெர்லா. "முழுமையா வாசிக்காம வந்து வட்டத்தை ஏமாத்துற உறுப்பினர், அங்கேயே, எல்லோர் முன்னாலயும், விட்ட பகுதியை உரக்க வாசிக்கணும். இது ஏழாவது விதி. எழுதினவ நான். வாசி."

சுல்மா தன் பிரதியின் சிவப்புப் பட்டியைக் கிழித்தார். "நாங்களும் கூடவே பின்தொடர்வோம்," என்று தோஞா பெர்லா கம்பீரமாக அறிவித்தார். அப்புறம்தான், அந்த அறையில் மேலும் ஐந்து பட்டிகள் டர்... டர்... என்று கிழிகிற சத்தம் கேட்டது. "நான் ஒவ்வொரு தடவையும் கழட்டிட்டு, திரும்ப மாட்டி வெச்சிருவேன்," என்றார் வாஷிங்டன், யாரும் கேட்காமலே.

சுல்மா கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார். 'பாலம்' என்ற தலைப்பு. அடுத்த பக்கம் வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. அட்டை வரைக்கும் வெள்ளை. அச்சகத்தில் எங்கோ ஒரு கட்டுத் தாள் அச்சேறாமல் தைக்கப்பட்டு வந்திருக்கிறது. அவர் பக்கத்தில் எட்டிப்பார்த்தார். சில்வானாவுடையதும் வெள்ளை. தோஞா பெர்லாவுடையதும் வெள்ளை. ஆறும் வெள்ளை.

"இதுல முடிவே இல்லியே..." என்றார் சுல்மா.

வட்டத்தின் மேதைமை வெளிப்பட்டது இப்போதுதான். சாதாரணமானவர்களாக இருந்தால் இந்த இடத்தில் வெட்கப்பட்டிருப்பார்கள்.

"அதைத்தானே நான் இவ்வளவு நேரம் சொல்லிட்டிருக்கேன்," என்றார் சில்வானா, மூச்சு விட்டபடி. "டிரைவரே இல்லேன்னு சொன்னேனா இல்லியா?"

"வளர்ச்சி நின்னுபோச்சு," என்று வாஷிங்டன் வெற்றுத் தாளைத் தட்டிக் காட்டினார். "இதைவிட எப்படி நிக்கும்?"

"நான் அழுதது எதைப் பார்த்துன்னு நினைச்ச?" என்றார் தோஞா பெர்லா. "இந்த வெறுமையைப் பார்த்துத்தான்."

அன்றைய தீர்மானம் இவ்வாறு அமைந்தது: வெற்றுப் பக்கங்கள் சமகால நாவலின் உச்சம். மாமன்றம் விருது கொடுத்ததில் வியப்பில்லை. உறுப்பினர் சுல்மா கடைசி அத்தியாயத்தை வாசிக்கவில்லை என்றாலும், அதில் வாசிக்க ஏதும் இல்லாத காரணத்தால் அவர் முழுமையாக வாசித்ததாகவே கருதி மன்னிக்கப்படுகிறார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை விழுந்தது.

மறுநாள் காலையில் சுல்மா இரண்டு புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஹெபெரின் கடைக்குப் போனார், வெள்ளையாக வந்த பிரதி ஒன்று, என்ன இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காகக் காப்பிக் கறை படிந்த தன்னுடையது ஒன்று. ஹெபெர் தன் வாழ்நாளில் ஒரு நாவலும் வாசித்ததில்லை. "வாசிக்க ஆரம்பிச்சா எப்போ விக்கிறது?" என்பது அவர் கட்சி. வெள்ளைப் பக்கங்களை அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"ஏங்க, நெசமாவா? ஆறுமா?"

"ஆறும்தான். புதுசா வந்த புத்தகத்துல இப்படியா?"

ஹெபெர் கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். "புதுசு மாதிரிங்க. புதுசு இல்ல."

"அப்படின்னா?"

"இதே ஆறு பிரதி உங்களுக்கு முன்னாடி புசேயோ வட்டத்துக்குப் போச்சு. திரும்பி வந்துச்சு. கராஸ்கோ அம்மாக்கள் வட்டத்துக்குப் போச்சு, வந்துச்சு. வழக்கறிஞருங்க வட்டம், அப்புறம் மாமன்றத் தலைவரோட சொந்த வட்டம். எல்லாம் சுத்தமா திரும்பி வந்துச்சு. ஒரு மடிப்பு இருக்காது, ஒரு கறை இருக்காது. வாசகர் வட்டத்துலேருந்து திரும்பி வர்ற புத்தகம்னா கண்ணை மூடிட்டுப் புதுசுன்னு வெச்சிருவேன். விருது வாங்கிக் கொடுத்ததே இந்த ஆறு பிரதிதாங்க. பட்டியை நான்தான் அச்சடிச்சு மாட்டினேன்." அவர் வியப்போடு சுல்மாவை மேலும் கீழும் பார்த்தார். "புகார்னு வந்து நிக்கிற முதல் ஆள் நீங்கதான். ஏன், நீங்க அதைத் திறந்தா பார்த்தீங்க?"

சுல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நெல்சன் போனதற்கப்புறம் இப்படிச் சிரித்ததில்லை. கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹெபெர் பயந்துபோய் நாற்காலி போட்டார். சிரிப்பு அடங்கினதும் பந்தயத்தைப் பற்றி அவரிடம் சொன்னார், எதற்கு என்று தெரியாமலே.

"வெள்ளத்துல பாலத்துமேல பஸ்ஸை விடுவானா எவனாச்சும்?" என்றார் ஹெபெர் உடனே. "உங்க வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. தாண்ட மாட்டான்."

"அக்கரையில பொண்ணு நிக்கிறா!" என்றாள் தவணைமுறையில் அகராதி வாங்க வந்த ஒரு பெண். "தாண்டலேன்னா அவன் என்ன ஆம்பள?"

"உசுரு பெருசா, பொண்ணு பெருசா?"

"பன்றிக்குட்டி என்ன ஆச்சு?" என்றார் தபால்காரர். அவர் எப்போது உள்ளே வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

இதற்காகத்தான் சுல்மா இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். இந்தச் சண்டைக்காக. மருந்துச்சீட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, கறை படிந்த புத்தகத்தைத் திறந்து, அங்கேயே வாசிக்கத் தொடங்கினார். ஹெபெர் கடைக்கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பிவைத்தார்.

தெயோலிந்தோ பஸ்ஸைப் பாலத்தில் விடவில்லை. கைப்பிரேக்கைப் போட்டான், பயணிகளை மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான், சாவியைக் கண்டக்டர் கையில் கொடுத்தான். அப்புறம் காலணியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பன்றிக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நடந்தே அக்கரைக்குப் போனான்.

"பார்த்தீங்களா, பஸ்ஸு தாண்டல!" என்று கத்தினார் ஹெபெர்.

"அவன் தாண்டிட்டான்ல!" என்று கத்தினாள் அகராதிப் பெண்.

சுல்மா புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு அழுதார். "ரெண்டு பேருமே ஜெயிச்சுட்டோம் நெல்சன்," என்றார் சத்தமாகவே. "கேட்டியா? ரெண்டு பேருமே ஜெயிச்சுட்டோம்."

தபால்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை சுல்மா ஆறு புதுப் பிரதிகளோடு ஏழாவது மாடிக்குப் போனார். ஹெபெர் பதிப்பகத்தோடு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தவை. முடிவு உள்ளவை. மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னார்.

வட்டம் அந்தப் புத்தகங்களை, வீட்டுக்குள் வந்துவிட்ட தெருநாயைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"அப்போ இதுல இன்னும் பதினாறு பக்கம் இருக்கா?" என்றார் வாஷிங்டன் கவலையோடு.

"எழுத்தெல்லாம் போட்டு," என்றார் சில்வானா.

தோஞா பெர்லா எழுந்தார். "இது சட்டப் பிரச்சினை. நாம முழுமையா வாசிச்சு, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியாச்சு. அதுல முடிவு வெள்ளை. இப்போ வந்திருக்கிறது வேற நாவல். அதே பேரை வெச்சுக்கிட்டு உள்ளே வந்திருக்கு. ஏத்துக்கிட்டா மாமன்றத்து விருது என்ன ஆகும்? இதைத் திறக்காமலே திருப்பி அனுப்பணும்னு நான் முன்மொழியறேன்."

ஏகமனதாக நிறைவேறியது. ஒரு மனம் மட்டும் கைதூக்கவில்லை, அது கணக்கில் வராது என்று குறிப்பு எழுதப்பட்டது. அடுத்த நாவலாகக் குளிர்சாதனப் பெட்டி தேர்வானது. அந்த நாவலின் முடிவை நினைத்து ஒலிவேரா சகோதரிகள் அப்போதே கலங்கத் தொடங்கினார்கள்.

தோஞா பெர்லா வெந்நீர் ஊற்றிக் குடுவையைச் சுல்மாவிடம் நீட்டினார். சுல்மா கடைசிச் சொட்டு வரைக்கும், குழல் சத்தம் போடும் வரைக்கும் உறிஞ்சிக் குடித்தார். குடுவையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நன்றி," என்றார்.

 சுல்மா கோட்டை மாட்டிக்கொண்டு, தன் கறை படிந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிஃப்டுக்குப் பொத்தானை அழுத்தினார். பின்னால் கதவு மெல்லத் திறந்தது. தோஞா பெர்லா. உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். முகத்தில் நோட்டரி இல்லை, தூக்கம் கெட்ட ஒரு வயதான பெண்தான் இருந்தார்.

"சுல்மா... போன வாரத்துலேருந்து மனசுல அரிச்சுக்கிட்டே இருக்கு. யார்கிட்டயும் சொல்லாத. அந்த டிரைவர் கடைசியில பாலத்தைத் தாண்டினானா?"

லிஃப்ட் வந்து நின்றது. சுல்மா உள்ளே போய்த் திரும்பி நின்றார்.

"என்னைக் கேக்கறீங்களே, தோஞா பெர்லா? முடிவைப் பார்த்து அழுதது நீங்கதானே?"